வைகையின் இரு முனைகள்: கரையோரத் தொல்குடிகளின் வரலாற்றை எங்கிருந்து எழுதுவது?

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் மூல வைகை, மயிலாடும்பாறையையும் கடமலைக்குண்டையும் தொட்டுக்கொண்டு வைகை அணைக்கு வருகிறது. அங்கிருந்து மதுரை, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று கிழக்கே ஓடி, அழகன்குளத்தை அடுத்த ஆற்றங்கரையில் பாக் விரிகுடாவைத் தேடுகிறது. 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையினர் கே. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் இந்த ஆற்றின் இரு கரைகளையும் தோற்றுவாயிலிருந்து கழிமுகம் வரை ஆய்ந்து, 293 இடங்களில் தொல்லியல் தடயங்களைப் பதிவு செய்தார்கள். கீழடி அவற்றில் ஒன்று. அதன் புகழில் மற்ற இடங்கள் மறைந்துவிட்டன. மலையையும் கடலையும் ஒரே வரலாறாகப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்ததுதான் அந்த ஆய்வின் பெரிய கொடை.

ஆற்றின் தலைமாட்டில் பளியர் வாழ்கிறார்கள். மேகமலை, வருசநாட்டுக் காடுகளில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மக்கள். கால்மாட்டில் பரவர், கடையர், வலையர், மரைக்காயர் முதலிய கடல்தொழில் குடிகள். முன்னவரை அரசு பழங்குடி என்று பட்டியலிட்டிருக்கிறது. பின்னவரைப் பிற்படுத்தப்பட்டோர் வரிசைகளில் வைத்திருக்கிறது. மீனவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுந்துகொண்டே இருக்கிறது. பட்டியல் எதுவானாலும், ஒரு கரையில் பல நூறு தலைமுறை வாழ்ந்து, அந்தக் கரையின் அறிவையே தொழிலாகக் கொண்ட மக்களைத் தொல்குடி என்று அழைப்பதில் தவறில்லை. அவர்களுடைய வரலாற்றை எந்தச் சான்றுகளைக் கொண்டு எழுதுவது? இதுவரை என்ன எழுதப்பட்டிருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது?

கடல் கொண்ட கரை

முதல் தடை இயற்கையே போட்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். எனவே அன்று இராமநாதபுரத்திலிருந்து மன்னாருக்கு நிலம் வழியாகவே நடந்து போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பழைய கரைகளும் அவற்றில் இருந்திருக்கக்கூடிய குடியிருப்புகளும் நீருக்கடியில் போயின. இன்று நாம் தோண்டுகிற கடற்கரை, கடல் ஏறி நின்ற பிறகு உருவான கரை. அதற்கு முந்திய கடலோர வாழ்வைத் தேட வேண்டிய இடம் கடற்படுகை.

எஞ்சியவற்றில் முக்கியமானவை தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியின் தேரிக்காடுகள். சிவந்த மணல்மேடுகளான இவற்றில் நுண்கற்கருவிகள் கிடைப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே இராபர்ட் புரூஸ் பூட் கண்டார். 1956இல் சாயர்புரம் முதலிய இடங்களின் கருவிகளை ஆராய்ந்து சாய்னரும் ஆல்சினும் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படை ஆய்வாக நிற்கிறது. மணல்மேடுகளின் நடுவே, காயல்களுக்கு அருகே தங்கி மீன்பிடித்த மக்கள் இக்கருவிகளைச் செய்தார்கள் என்பது அவர்கள் எட்டிய கருத்து. இடத்தின் அமைப்பையும், அதே மணலில் இன்று வாழும் மீனவர்களின் வாழ்க்கையையும் பார்த்து எட்டிய கருத்து அது. அதை உறுதிப்படுத்த, மீன் எலும்பையும் சிப்பியையும் தேடி நுணுக்கமாகச் சலித்துப் பார்க்கும் அகழாய்வு வேண்டும்.

அந்தமானில் அப்படிப்பட்ட சான்று நிறையவே உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தின்று எறிந்த சிப்பிகள் மேடாகக் குவிந்து கிடக்கின்றன. தொல்லியலர் சாரின் கூப்பர் ஆராய்ந்த சௌல்தாரி மேட்டின் காலம் சுமார் 2,200 ஆண்டுகள். ஆனால் ஓங்கே, ஜாரவா, பெரிய அந்தமானியர் ஆகியோரின் மரபணுக்கள், இம்மக்கள் அதைவிடப் பல மடங்கு நீண்ட காலம் தனித்து வாழ்ந்தவர்கள் என்று காட்டுகின்றன. குப்பைமேட்டின் வயதை மக்களின் வயதாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மேட்டின் வயது, இன்றைய கரை எத்தனை காலம் நிலைத்து நின்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

ஆண்டிபட்டிக் கணவாயின் மறுபக்கம்

கடலோர மனிதரின் மிகப் பழைய தடயம் என்று உலகமே பேசிய ஒன்று கிடைத்தது கடற்கரையில் அல்ல. கடமலைக்குண்டிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் வரும் உசிலம்பட்டிப் பக்கத்தில், ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன் அவ்வட்டாரத்து ஆண்களின் குருதி மாதிரிகளை ஆராய்ந்தபோது, எம்130 என்ற மரபணுக் குறி அவர்களில் ஒருவரிடம் இருந்தது. ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடம் பரவலாகக் காணப்படும் தந்தைவழிக் குறி அது. ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிய மனிதர் அரபிக் கரை, இந்தியக் கரை, தென்கிழக்காசியா வழியே கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியாவை அடைந்தனர் என்ற கருதுகோளுக்கு இந்தியாவில் கிடைத்த சான்றாக மரபியலர் ஸ்பென்சர் வெல்ஸ் இதை முன்வைத்தார்.

இந்தக் கண்டுபிடிப்பு தமிழ்நாட்டில் பெருமையோடு பேசப்படுகிறது. பெருமைக்கு இடம் இருக்கிறது. அளவும் தெரிய வேண்டும். தந்தைவழிக் குறி என்பது ஒருவரின் எண்ணற்ற மூதாதையரில் ஒரே ஒரு வரிசையை மட்டும் காட்டுவது. அதே குடும்பத்தைச் சேர்ந்த குறிகள் மங்கோலியா வரை பரவியிருக்கின்றன. ஆகவே ஓர் ஊரையோ ஒரு சாதியையோ “முதல் குடி” என்று நிறுவ இது உதவாது. கடலோர வழி என்ற கருதுகோளுக்கும் எதிர்க்கருத்து உண்டு. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த டோபா எரிமலையின் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்தன. அதை 2007இல் வெளியிட்ட மைக்கேல் பெட்ராக்லியா குழுவினர், மனிதர் ஆற்றுப்படுகைகள் வழியே உள்நாட்டிலும் பரவினர் என்று வாதிடுகிறார்கள்.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய தேவை இல்லை என்று இலங்கைச் சான்றுகள் காட்டுகின்றன. ஈரக்காட்டுக்குள் இருக்கும் பாகியன்கலைக் குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குரங்கும் அணிலும் வேட்டையாடி வாழ்ந்தனர். அதே குகையில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்திருக்கின்றன. காட்டுக்குள் வாழ்ந்தவரின் கழுத்துக்குக் கடல் வந்து சேர்ந்திருக்கிறது. மலைக்குடியும் கரைக்குடியும் அன்றே கொடுக்கல் வாங்கலில் இருந்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

துறைமுகம் தெரிகிறது, மீனவர் தெரியவில்லை

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால் சான்றுகள் பெருகுகின்றன, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியதிலிருந்து தமிழகக் கடற்கரைத் தொல்லியலின் முதன்மைக் கேள்வி உரோம வணிகமாகவே இருந்துவிட்டது. அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 முதல் பல பருவங்கள் அகழாய்வு செய்தது. மத்தியதரைக் கடல் சாடிகள், உரோமக் காசுகள், ரௌலட்டட் பானைகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், ஓட்டில் கீறிய ஒரு கப்பல் என்று பலவும் கிடைத்தன. அந்தக் கப்பல் உரோம வகையா என்பது பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அதே மண்ணில் வாழ்ந்தவர் என்ன மீன் தின்றார், எந்த வலை பின்னினார் என்பது பற்றி எழுதப்படவில்லை.

கொற்கையிலும் அதே நிலைதான். 1968-69இல் அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த கரி, கி.மு. 785 என்று காலம் கணிக்கப்பட்டது. சங்கறுத்த கழிவுகளும் முத்துச்சிப்பிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. கடலுக்குள் மூச்சடக்கிப் போய் அவற்றை எடுத்து வந்தவர் யார் என்று கேட்டால், கையில் இருக்கும் எழுத்துச் சான்று ஒரு கிரேக்க வணிகரின் கையேடு. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘எரித்திரையக் கடற்பயணக் கையேடு’, பாண்டியரின் கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் வேலை செய்ததாகச் சொல்கிறது. தலைமுறைப் பயிற்சி இல்லாமல் செய்ய முடியாத வேலையைக் கைதிகளின் வேலையாக ஒரு வெளியூர் வணிகர் எழுதிவைத்தார். அந்த ஒற்றை வரி இன்றும் மேற்கோளாகிக்கொண்டிருக்கிறது. அதே கையேடு, மரங்களைப் பிணைத்துக் கட்டிய உள்ளூர்ப் பெருங்கலங்களையும் கிழக்கு நோக்கிச் சென்ற கப்பல்களையும் குறிப்பிடுகிறது. கடலோடிகள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

சங்க இலக்கியம் இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகிறது. பரதவர், நுளையர், உமணர் ஆகியோரையும் திமில், அம்பி, வலை, உப்பங்கழி ஆகியவற்றையும் அது நெருக்கத்திலிருந்து காட்டுகிறது. மதுரைக்காஞ்சி தென்பரதவரைப் போர்வலிமை உள்ள குடியாகப் பேசுகிறது. பாண்டியன் அவர்களை வென்று அடக்கியவனாகப் புகழப்படுகிறான். ஒரு வேந்தன் வென்று பெருமை கொள்ளும் அளவுக்கு அவர்கள் அரசியல் வலிமை பெற்றிருந்தார்கள் என்பதே இதன் பொருள். இலங்கையின் பழைய பிராமிக் கல்வெட்டுகளில் ‘பரத’ என்ற பட்டத்தோடு பலர் வருகிறார்கள். அவர்களைப் பரதவரோடு இணைத்துப் பார்க்கலாம் என்று இலங்கைத் தொல்லியலர் சுதர்ஷன் செனவிரத்ன 1985இல் எழுதினார். எல்லோரும் ஏற்காத கருத்து இது. ஆயினும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும் நீரிணைக்கு அப்பால் பொம்பரிப்பின் தாழிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் ஒரே பண்பாட்டு உறவு ஓடியது என்பதை மறுப்பது கடினம்.

எகிப்தின் குசேர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்களும், பெரெனிகேயில் கொற்றபூமான் என்ற பெயரும் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கிடைத்துள்ளன. இப்பெயர்களை வணிகர் பெயர்களாகவே படித்துப் பழகிவிட்டோம். கப்பலில் துடுப்புப் பிடித்தவரும் பாய் இறக்கியவரும் தம் பானையில் பெயர் கீறியிருக்கலாம் என்ற வாய்ப்பையும் திறந்து வைக்க வேண்டும்.

மலைக்கு வந்த கடல், கடலுக்குப் போன மலை

கரையில் அழிந்தது பல நேரம் உள்நாட்டில் பிழைத்திருக்கிறது. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையின் தமிழிக் கல்வெட்டுகளில், சமணத் துறவியருக்குக் கொடை தந்தவர்களில் ஓர் உப்பு வணிகரும் இருக்கிறார். கழியில் விளைந்த உப்பு மாட்டுவண்டியில் ஏறி மலையடிவாரம் வந்து, அங்கே கல்லில் ஒரு பெயரை விட்டுச் சென்றிருக்கிறது. கீழடியிலும் கொடுமணலிலும் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. கொடுமணல் கடலிலிருந்து வெகுதூரம். ஒவ்வொரு சங்கும் யாரோ ஒருவர் மூச்சடக்கிக் குளித்து எடுத்தது. உள்நாட்டு அகழாய்வுகளில் ‘அணிகலன்’ என்ற தலைப்பில் ஒதுக்கப்படும் இந்தப் பொருள்களைக் கடல்தொழிலின் ஆவணங்களாகப் படிக்கலாம்.

இந்த வலைப்பின்னலுக்கு வெளியே தேனிப் பகுதி இருக்கவில்லை. ஆண்டிபட்டி வட்டத்தின் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். கடற்கரை அழகன்குளத்தில் ஓட்டில் பெயர் கீறிய அதே எழுத்து, மலையோர ஆயர் நாட்டில் வீரனின் பெயரைச் சொல்கிறது. போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையலை டி.டி. கோசாம்பி ஆராய்ந்திருக்கிறார். மேற்கே கணவாய்களைத் தாண்டினால் மிளகு விளையும் மலைநாடு; கிழக்கே ஆற்றோடு போனால் முத்து விளையும் கடல். கம்பம் பள்ளத்தாக்கு இரண்டுக்கும் நடுவே வழியாக இருந்தது.

எதிர்த் திசையிலும் பொருள் போயிருக்கிறது. கேரளத்தின் பட்டணத்தில், முசிறி என்று கருதப்படும் இடத்தில், சேற்றுக்குள் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான ஓடம் ஒன்று கிடைத்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் ஆயினி மரத்தில் குடைந்தது. பெரெனிகேயில் இந்தியத் தேக்குக் கட்டைகளும், ஓர் இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ அளவுக்கு மிளகும் கிடைத்தன. மரத்தைத் தேர்ந்து வெட்டிய மலைக்குடியின் அறிவும் கலம் கட்டிய கரைக்குடியின் அறிவும் சேர்ந்தே கடலைக் கடந்திருக்கின்றன.

முத்துக்குளித்துறை: ஆவணத்தில் வந்த மக்கள்

முத்துக்குளித்துறை எனப்பட்ட மன்னார் வளைகுடாக் கரைக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பையும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்தில் பங்கு கொடுத்த வழக்கத்தையும் எழுதினார். கடல்கட்டிகள் எனப்பட்ட இவர்கள் பிரித்தானியர் காலம் வரை முத்துக்குளிப்பில் இடம்பெற்றிருந்தனர். 1535 முதல் 1537க்குள் பரவர் பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினர். போர்த்துகீசியர் பாதுகாப்பு கிடைக்கும் என்பது அந்த முடிவுக்குப் பின்னிருந்த அரசியல். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது.

மதமாற்றத்தை ஐரோப்பியரின் செயலாக மட்டும் எழுதுவது வழக்கம். பரவர் அதை ஒரு சமூகமாகக் கூடி, தம் தலைவர்கள் வழியே முடிவெடுத்துச் செய்தனர். பிறகும் தம் சாதித்தலைமையையும் ஊர் அமைப்பையும் காத்துக்கொண்டனர். தமிழ் அச்சின் தொடக்கமும் இந்தக் கரையோடு பிணைந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைச் செய்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் பணியாற்றியவர். முத்துக்குளித்துறை மக்களின் மொழியில் அவர்களுக்காகவே எழுதினார். தமிழில் அச்சு நூலின் முதல் வாசகர்கள் கடற்கரை மக்கள் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல் வரலாறும் இதே கரையின் வரலாறுதான். சமயத்தைக் கொண்டு கரையைத் துண்டுபோட்டால் தோணி, பாய், முத்துப்பார், சங்குத்துறை என்ற பொதுவான தொழில் உலகம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கடலறிவு எனும் சான்று

கரையோர மக்களின் மிகப் பெரிய ஆவணக் காப்பகம் அவர்களுடைய நினைவு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றையும், வாநீவாடு, சோநீவாடு என்று நீரோட்டத்தையும் பிரித்தறிந்து அன்றாடம் முடிவெடுக்கிறார்கள். குமரிக் கரையின் கட்டுமரக்காரர்கள், கடலுக்கடியில் இருக்கும் ‘பார்’ என்ற பாறைத் திட்டை, கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கணியம் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். மேற்குத்தொடர்ச்சி மலை அவர்களுக்குத் திசைகாட்டி. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்குத் தொழில் பற்றியும் 1920இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றியும் எழுதியவை இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அவர் தொழில் செய்தவர்களிடம் கேட்டு எழுதியதுதான். நம் காலத்தில் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களும் வறீதையா கான்ஸ்தந்தினின் நெய்தல் நூல்களும் கரைக்குள்ளிருந்தே எழுந்தவை.

நினைவைச் சான்றாக ஏற்றால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கனடாவின் மேற்குக் கரை நல்ல பாடம். பனியூழியிலும் உறையாமல் இருந்த ஒரு நிலத்துண்டில் தம் முன்னோர் பிழைத்தனர் என்று ஹெய்ல்ட்சுக் மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்தார்கள். அவர்கள் நாட்டின் டிரிக்வெட் தீவில் கிடைத்த அடுப்புக்கரி சுமார் 14,000 ஆண்டு பழையது என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. மக்கள் சொன்ன இடத்தில் தோண்டியதால் கிடைத்த பலன் அது. அகழாய்வில் அவர்களும் பங்குகொண்டார்கள். முடிவுகள் அவர்களுடைய நில உரிமைக்கும் துணை நின்றன.

இனிச் செய்ய வேண்டியது

இதுவரையான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். கரையோரத் தொல்குடிகளின் வரலாறு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது: கடற்படுகையில், உள்நாட்டு மண்ணில், வாழும் மக்களின் அறிவில். துறைமுகங்களை மட்டும் தோண்டும் வரை இம்மூன்றும் ஒன்றுசேராது.

முதலாவது, தமிழகக் கடற்கரை அகழாய்வு ஒவ்வொன்றிலும் மண்ணை நுண்சல்லடையில் சலித்து மீன் எலும்பு, சிப்பி, வலைக்குண்டு ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். அறிக்கையில் அவற்றுக்கென்று தனி இயல் வேண்டும். இரண்டாவது, பூம்புகார்க் கடலில் 1981 முதல் நடந்தது போன்ற கடலடி ஆய்வைப் பாக் விரிகுடாவுக்கும் விரிவாக்கி, மூழ்கிய கரைகளை வரைபடமாக்க வேண்டும். பாரும் மடுவும் எங்கே என்று மீனவருக்குத் தெரியும். அவர்கள் ஆய்வாளர்களாகவே அதில் சேர வேண்டும். மூன்றாவது, வைகையின் 293 இடங்களை மலை முதல் கடல் வரை ஒரே திட்டமாக எடுத்து, சங்கும் உப்பும் மரமும் மிளகும் நடந்த பாதையைத் தொடர வேண்டும். கடமலைக்குண்டுப் பக்கத்துப் பளியர் குடியிருப்புகளின் நினைவுகளும் அதில் இடம்பெற வேண்டும்.

இது அறிஞர்களின் ஆர்வத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின், அத்தீவுகளைச் சுற்றி மூச்சடக்கிக் கடற்பாசி எடுத்து வாழும் பெண்கள் அத்துமீறியவர்களாக நடத்தப்படுகிறார்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது; மலைக்குடிகளின் வாழிடமும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது. காட்டு மக்களுக்காவது 2006இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. தலைமுறைகளாக வாழ்ந்ததை நிறுவி உரிமை கேட்க அது வழி செய்கிறது. கடற்கரைக்கு 1991 முதல் ஒழுங்காற்று அறிவிக்கைகள் உண்டு, அப்படியொரு உரிமைச் சட்டம் இல்லை. அது வரும் நாளில் கரையோர மக்கள் தம் தொன்மையை நிறுவ வேண்டியிருக்கும். அதற்கான சான்றுகளை இப்போதே, அவர்களோடு சேர்ந்து, அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் வரும்படி திரட்டித் தருவது தமிழகத் தொல்லியலின் கடமை.